காலி கன்டெய்னர் லேட்டா வந்தா யாரு தலையில விழுது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம வட ஆற்காடு பக்கத்து ஷூ ஏற்றுமதின்னாலே பேப்பர்ல டாலர் ரேட்டும் தோல் வெலையும்தான் வருது, சரக்கு ரெடியாகி பெட்டி பெட்டியா அடுக்கி வெச்சப்புறம் லோடிங்ல நடக்குற கூத்த யாரும் எழுதறதில்ல. பேரணாம்பட்டுல ஒரு சின்ன ஷூ கம்பெனில பதினோரு வருஷமா டெஸ்பாட்ச் பாக்கறேன், அந்த உரிமைல எழுதறேன்.

போன மாசம் ஜெர்மனிக்கு ஒரு நாப்பதடி கன்டெய்னர் லோடு. சென்னை துறைமுகத்துல சனிக்கிழமை சாயங்காலம் 6 மணி கட்-ஆஃப், அதுக்குள்ள பொட்டி கேட்டுக்குள்ள போகலேன்னா ஞாயித்துக்கிழமை கப்பல் கெடையாது. வெள்ளிக்கிழமை காலைல 8 மணிக்கு காலி கன்டெய்னர் வரும்னாங்க, வந்தது சாயங்காலம் 4.10. சரி வந்துச்சேன்னு எப்பவும் போல ஒரு பையன உள்ள நிக்க வெச்சு ரெண்டு கதவையும் சாத்தினோம், எங்கயாவது வெளிச்சம் உள்ள வருதான்னு பாக்கறதுக்கு. உள்ளருந்து "அண்ணே, மேல நட்சத்திரம் மாதிரி தெரியுதுண்ணே"ன்னான். கூரைல மூணு ஓட்டை, தரைப்பலகைல ஈரம் வேற. தோல் ஷூவுக்கு ஈரம் பட்டா போய்ச் சேரறதுக்குள்ள பூஞ்சை பூத்துடும், டப்பாவுக்கு டப்பா சிலிக்கா ஜெல் போட்டாலும் கூரைல ஒழுகற தண்ணிய அது என்ன பண்ணும்? திருப்பி அனுப்பிட்டோம்.

மாத்து வண்டி மறுநாள் மதியம் 12 மணிக்கு. பசங்களுக்கு ஆம்பூர்லருந்து வாங்கி வெச்ச பிரியாணிய தொறக்கக்கூட இல்ல, பாவம், லோடு முடிச்சு சீல் போட்டு எடை போட்டு (2016லருந்து எடை கணக்கு குடுக்காம கப்பல்ல ஏத்த மாட்டாங்க) வண்டி கெளம்பவே 4 மணி. ஸ்ரீபெரும்புதூர் நெரிசல் தாண்டி போய்ச் சேரும்போது ராத்திரி 11. அடுத்த கப்பல் ஒரு வாரம் கழிச்சு, எங்க எல்.சி.ல (சொன்ன கண்டிஷன்படி சரக்கு அனுப்பினா பணம் தர்றேன்னு பையரோட பேங்க் குடுக்குற கடிதம்) கடைசி ஷிப்மென்ட் தேதியோ புதன்கிழமை. ஷிப்மென்ட் தேதின்னா சரக்கு கப்பல்ல ஏறின தேதி, ஃபேக்டரிய விட்டு கெளம்பின தேதிய பேங்க் ஒத்துக்காது.

டிரெய்லர் நின்னதுக்கு வெய்ட்டிங், கன்டெய்னர கூடுதல் நாள் வெச்சிருந்ததுக்கு டிடென்ஷன், எல்.சி. திருத்தறதுக்கு பேங்க் கட்டணம், பையர் கேட்ட 4 சதவீதம் தள்ளுபடி, எல்லாம் எங்க மேல. கன்டெய்னர், கப்பல் ஏற்பாடு பண்ண பையர் வெச்ச ஏஜென்ட், அதான் ஃபார்வர்டர, கேட்டா "நீங்கதான் லோடிங் லேட் பண்ணிட்டீங்க"ன்னு மெயில் போடறாங்க! நல்லவேளை எங்க வாட்ச்மேன் கேட் நோட்டுல வண்டி வந்த நேரத்த எழுதி டிரைவர் கையெழுத்து வாங்கி வெச்சிருந்தாரு, ஓட்டைய நானும் போட்டோ எடுத்து அன்னிக்கு ராத்திரியே அனுப்பியிருந்தேன். அத காட்டி சண்டை போட்டதுல டிடென்ஷன் மட்டும் தள்ளுபடி ஆச்சு, மத்தது போனது போனதுதான்.

இதுல எங்க தப்பும் இருக்கு. பழக்கத்துல எஃப்.ஓ.பி.ன்னே ஒப்பந்தம் போட்டுகினு இருக்கோம், அப்படின்னா சரக்கு கப்பல்ல ஏறற வரைக்கும் ரிஸ்க் நம்மளுது. எஃப்.சி.ஏ., அதுவும் ஃபேக்டரி வாசல்லயே ஒப்படைப்புன்னு எழுதினா பையரோட வண்டில ஏத்தினதோட நம்ம பாடு முடிஞ்சுது, அவங்க அனுப்பற வண்டி லேட்டுன்னா அது அவங்க பாடு. ஆனா எல்.சி.ல அப்பவும் கப்பல்ல ஏறின தேதி கேட்டா பணம் மாட்டிக்கும், அதையும் பேசி தேதிய ரெண்டு வாரம் தள்ளி வாங்கணும். பெரிய கம்பெனி கேட்டா பையர் குடுப்பான், எங்கள மாதிரி மாசம் ரெண்டு லோடு போறவன் கேட்டா ஆர்டரு பக்கத்து ஃபேக்டரிக்கு போயிடும். அதனாலதான் தோல் ஏற்றுமதி கவுன்சில் மாதிரி அமைப்பு நடுவுல நின்னு, காலி கன்டெய்னர் இத்தன மணி நேரத்துக்கு மேல லேட்டானா வெய்ட்டிங், டிடென்ஷன் ரெண்டும் அந்த கன்டெய்னர அனுப்பினவங்க பொறுப்புன்னு பொதுவா ஒரு கண்டிஷன் எழுதி வாங்கித் தரணும்னு கேக்கறேன். காலி கன்டெய்னர் வெக்கிற யார்டுலயே கதவ சாத்தி ஒரு நிமிஷம் பாத்துட்டு அனுப்பினா இந்த லெட்டரே எழுதியிருக்க மாட்டேன்.

வர்ற வெள்ளிக்கிழமை அடுத்த லோடு. காலி வண்டிய புதன்கிழமையே வேணும்னு கேட்டு வெச்சிருக்கோம், நிக்கிற நாளுக்கு வாடகை போனா போகுது.

இப்படிக்கு,
ஒரு டெஸ்பாட்ச் கிளார்க்,
பேரணாம்பட்டு.