ஹீற்றர் கோரைக் கழுவிய நீர் எங்கே போகிறது?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

குளிர்காலத்துக்கு வாகனத்தைத் தயார்படுத்துவது பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த குறிப்புகளில் பனிக்கால ரயருக்கும் பற்றரிக்கும் கிடைத்த இடம் ஹீற்றருக்குக் கிடைக்கவில்லை. ரொறன்ரோவின் சனவரிக் காலைகளில் முன்கண்ணாடியின் உறைபனியை இளக்குவதும் அந்த ஹீற்றரின் சூடுதான் என்பதால், அதனை வெறும் சௌகரியமாகக் கருத முடியாது.

டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீற்றர் கோர் ஒரு சிறிய ரேடியேற்றர். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற் அங்கிருந்து ஏந்திவரும் சூட்டை இதனூடே ஓடி உள்ளே வீசும் காற்றுக்குக் கொடுக்கிறது. ஆண்டுக்கணக்காக மாற்றாத கூலன்றில் சேரும் துரு, ஒத்துவராத இருவகைக் கூலன்றுகள் கலப்பதால் உண்டாகும் கூழ், ஒழுக்கை நிறுத்தவென்று ஊற்றிய மருந்தின் மிச்சம் ஆகியவை அதன் மெல்லிய குழாய்களை அடைத்துவிடுகின்றன. புதிது பொருத்தப் பல வாகனங்களில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டியிருப்பதால், பொருளின் விலையைக் காட்டிலும் கூலி பன்மடங்காகிறது. எனவே நம்மவர் பலர் வீட்டு வாசலிலேயே அதனைக் கழுவிப் பார்ப்பதில் தவறில்லை.

முதலில் அடைப்புத்தானா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் சூடேறியபின் கோருக்குச் செல்லும் இரண்டு ஹோஸ்களில் ஒன்று சுட, மற்றையது குளிர்ந்திருந்தால் பெரும்பாலும் அடைப்புத்தான்; கூலன்ற் குறைந்திருந்தாலும் உள்ளே காற்று தங்கியிருந்தாலும்கூட அப்படித் தோன்றலாம். இரண்டும் ஒன்றுபோலச் சுட்டால் கோரைக் கழுவிப் பயனில்லை. கோளாறு காற்றைத் திருப்பும் கதவில் இருக்கக்கூடும்.

எஞ்சின் நன்றாக ஆறியபின், இறுகிப்போன ஹோஸை இழுத்துப் பிடுங்காமல் நீளவாட்டில் கீறிக் கழற்றிவிட்டுப் புதிது போடுவது நல்லது. இழுத்தால் கோரின் குழாய் வளைந்துவிடும். கூலன்ற் வெளியேறும் வாயால் நீரை எதிர்த்திசையில் விட வேண்டும். ரேடியேற்றர் மூடி பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அளவிலேயே திறந்துகொள்வதால், கோர் வழக்கமாக அதற்குமேல் அழுத்தத்தைச் சந்திப்பதில்லை. வீட்டுக் குழாய்நீரின் அழுத்தமோ 40 முதல் 60 இறாத்தல் வரை இருக்கும். அடைபட்ட கோரில் வெளியேற வழியற்ற நீர் அந்த அழுத்தம் முழுவதையும் அதன் சுவரில் காட்டுவதால், குழாயைச் சற்றே திறந்து, நிறுத்தி நிறுத்தி விடுவதே பாதுகாப்பு. கோர் வெடித்தால் காலடிக் கம்பளம் நனைந்து, இனித்த வாடையுடன் கண்ணாடியெங்கும் பிசுபிசுப்பான ஆவி படியும். இறுதியாக, உள்ளே தங்கிய நீரை வெளியேற்றிவிட்டு, கூலன்றையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து நிரப்பினால் அது ஏறக்குறைய −37 பாகை செல்சியஸ் வரை உறையாது.

எனது முக்கிய கவலை கழுவிய நீரைப் பற்றியது. வாசலில் ஓடவிட்ட நீர் தெருவோர வடிகாலில் இறங்கி, எந்தச் சுத்திகரிப்பும் இன்றி ஸ்காபரோவின் ஓடைகள் வழியாக ஒன்ராறியோ ஏரியைச் சேர்கிறது. நாம் குடிப்பதும் அதே ஏரியின் நீரைத்தான். வழக்கமான கூலன்றில் இருக்கும் எதிலீன் கிளைக்கோல் இனிப்பானது. தேங்கிக் கிடக்கும் அதனை நக்கும் நாயும் பூனையும் சிறுநீரகம் செயலிழந்து சாகின்றன. சிறு பிள்ளைகளுக்கும் அது நஞ்சே. ஆகவே பழைய கூலன்றையும், நிறம் மாறித் தெளியும்வரை வரும் கழுவுநீரையும் வாளியில் ஏந்தி, மூடியுள்ள கலன்களில் பெயரெழுதி அடைத்து, மாநகராட்சியின் அபாயகரக் கழிவு சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

அந்நிலையங்களின் முகவரிகளையும் திறந்திருக்கும் நேரங்களையும் தங்கள் குளிர்காலக் குறிப்புகளுடன் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ