நெல்லில் எழுதிய 'அ' வேறு, கட்டுரை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே கட்டுரைப் பாடத்தைத் தொடங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பள்ளிப் பிள்ளைகளைவிடப் பின்தங்கிப் போவார்கள் என்று சென்ற ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அதே அவசரத்தில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவள் நான்.

என் மகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். மகனுக்கு இழுப்பு நோய். கல்வி அமைச்சிடம் முறையாக விலக்கு பெற்று, ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலேயே அவனுக்குக் கற்பிக்கிறேன். (2003 முதல் மலேசியாவில் ஆறாண்டுத் தொடக்கக் கல்வி கட்டாயம். விலக்கு இல்லாமல் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. என்னிடம் வழி கேட்டு வருபவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை.)

மகளுக்கு ஆறு வயதானபோது மாதிரிக் கட்டுரைப் புத்தகம் ஒன்று வாங்கினேன். 'நான் ஒரு பேனா' என்ற தன்கதையை ஒரே வாரத்தில் மனனம் செய்துவிட்டாள். தொழிற்சாலையில் பிறந்தேன், கடைக்கு வந்தேன், எசமானர் என்னை வாங்கினார் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். எசமானர் என்றால் யார் என்று கேட்டேன். விழித்தாள். பிறகு அவள் எழுதிய குடை, காலணி, மிதிவண்டி எல்லாமே தொழிற்சாலையில் பிறந்து எசமானரிடம்தான் போய்ச் சேர்ந்தன. 2021இல், தொடக்கப்பள்ளி இறுதியில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வே ஒழிந்தது. எசமானர் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

மகன் விஷயத்தில் பொறுத்திருந்தேன். ஏழரை வயதில் ஒருநாள், வீட்டுக்குப் பின்னால் உள்ள கால்வாயில் உடும்பு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தான். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "நாக்கை நீட்டி நீட்டித் தண்ணீரை மோந்து பார்த்தது. வால் மட்டும் தனியாக நீந்தியது." ஒன்றரைப் பக்கம் வந்தது. மறுநாள் அதையே நீ எழுது என்று தாளைக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்துத் தாளில் இருந்தது இவ்வளவுதான்: "உடும்பு பார்த்தேன். பெறிய உடும்பு."

நாக்கும் வாலும் எங்கே போயின? அவன் மறக்கவில்லை, கைக்கு எட்டவில்லை. தமிழில் அந்தக் கைக்கு வேலையும் அதிகம். 'கெ' என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது ககரம். தாளில் முதலில் வருவது கொம்பு. ரகரமா றகரமா என்ற சந்தேகம் வேறு. அதே வயதில் மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் இன்னொரு எழுத்துமுறை. இத்தனையோடு மல்லுக்கட்டும் பிள்ளையிடம் முன்னுரையும் முடிவுரையும் கேட்டால், எழுதத் தெரிந்த சொற்களை வைத்தே யோசிக்கப் பழகிவிடுவான்.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொண்டோம். சொல்வது அவன், எழுதுவது நான். அதிலிருந்து நாளுக்கு ஒரு வாக்கியத்தை அவன் பார்த்து எழுதுவான். வெள்ளிக்கிழமை அவற்றையே சொல்வதெழுதுதலாகக் கொடுப்பேன். பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. இது என் கண்டுபிடிப்பும் அல்ல. ஒன்பது வயதுக்குள் கட்டுரைப் பாடமே வேண்டாம், கேட்டதைப் பிள்ளை வாயால் திருப்பிச் சொல்லட்டும் என்று இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் நூறாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டார். என் மாமியாருக்குத்தான் மனம் ஆறவில்லை. "மூன்று வயதில் விஜயதசமியன்று நெல்லில் 'அ' எழுதிய பிள்ளை, இன்னும் ஒரு கட்டுரை எழுதவில்லையே!" நெல்லில் எழுதியது எழுத்து அத்தை, கட்டுரை இல்லை என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஆறு வயதில் தானாக எழுதும் பிள்ளையைத் தடுக்கச் சொல்லவில்லை. எங்கள் மாடியிலேயே அப்படி ஒரு சிறுமி இருக்கிறாள். பன்னிரண்டு வயதுவரை தள்ளிப்போடவும் கூடாது, இடைநிலைப் பள்ளியில் திணறிவிடுவான். நான் வயதைப் பார்க்கவில்லை, வேறொன்றுக்காகக் காத்திருந்தேன். சென்ற மாதம், எட்டே முக்கால் வயதில், என் வேகம் போதவில்லை என்று பென்சிலைப் பிடுங்கி மீதியைத் தானே எழுதினான். ஒரு பக்கம். பதினொரு பிழை. நான் திருத்தவில்லை.

தைப்பூசம் முடிந்ததும் முறையான கட்டுரைப் பாடத்தைத் தொடங்குகிறோம். முதல் தன்கதைக்குத் தலைப்பை அவனே எழுதி வைத்திருக்கிறான்: 'நான் ஓர் உடும்பு.'

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு