பம்பைக் கழற்றுவதற்கு முன்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததிலும் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முனகுகிறது.

சரி, கார் விஷயத்துக்கு வருகிறேன். செல்ஃப் (இஞ்சினைக் கிளப்பும் மோட்டார்) நன்றாகச் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை, வந்து பார்த்தவர் “பம்ப் போயிடுச்சு, மாத்தணும்” என்றார் என எழுதியிருக்கிறாய். டேங்கிலிருந்து இஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்பைத்தான் சொல்கிறார். எதை வைத்துச் சொன்னாராம்? பம்ப் சத்தம் வரவில்லை என்பதை மட்டும் வைத்துச் சொல்லியிருந்தால், பாதி சோதனையோடு நின்றுவிட்டார் என்று அர்த்தம். கரண்ட் போகாவிட்டால் புத்தம் புதுப் பம்பும் வாயைத் திறக்காது.

பின் சீட்டில் ஒருவரை உட்காரவைத்துவிட்டு, சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பு. செல்ஃப் அடிக்காதே. உன்னுடையது போன்ற பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார்கள் பெரும்பாலானவற்றில் டேங்க் பக்கமிருந்து இரண்டு மூன்று வினாடி ரீங்காரம் கேட்டு அடங்கும். அடங்குவதைக் கோளாறு என்று நினைத்துவிடாதே. இஞ்சின் சுற்றுகிறது என்று கிராங்க் சென்சார் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பம்பை நிறுத்திவிடும். விபத்தில் குழாய் அறுந்தாலும் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

சத்தமே இல்லையா? முதலில் ஃபியூஸைப் பார். அடுத்து ரிலே, அதாவது பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்சுவிட்ச். அதே ஃபியூஸ் பெட்டியில் ஹாரனுக்கோ வேறெதற்கோ அதே எண் போட்ட ரிலே இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். சில கார்களில் மோதினால் பம்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று இருக்கும். பெரிய பள்ளத்தில் இறங்கினால்கூட அது ‘டிரிப்’ ஆகிப் பம்பை நிறுத்திவிடுவதுண்டு. சுவிட்சை அமுக்கிவிட்டால் போதும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் பம்புக்குப் போகும் வயரை இணைக்கும் கப்ளருக்கு வா. பலர் சறுக்குவது இங்கேதான். கப்ளரைக் கழற்றி வைத்துக்கொண்டு மல்டிமீட்டரில் பார்த்தால் பாதி அரித்துப்போன வயர்கூட 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் கரண்டை இழுக்கப் பம்ப் இணைப்பில் இல்லை. கப்ளர் மாட்டியிருக்கும்போதே பின்பக்கமாக முனையை நுழைத்து, இன்னொருவர் சாவி போடும் அந்த இரண்டு வினாடிக்குள் அளக்க வேண்டும். 8, 9 வோல்ட்தான் வருகிறது என்றால் வழியில் வயரோ ரிலேயோ மீதியைத் தின்கிறது. எர்த் பக்கத்தையும், அதாவது கரண்ட் காரின் உடல் வழியே திரும்பும் வழியையும், அப்படியே அளந்து பார். துருப்பிடித்த எர்த் போல்ட்டால் வீணாக மாற்றப்பட்ட பம்புகள் ஏராளம். முழு வோல்ட்டேஜும் வருகிறது, எர்த்தும் சுத்தம், அப்படியும் மௌனம் என்றால்தான் பம்ப் மேல் பழியைப் போடலாம். அப்போதும் டேங்க் அடியில் ரப்பர் சுத்தியால் லேசாகத் தட்டச் சொல்லி, சாவியைப் போட்டுப் பார். பம்ப் மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் பிரஷ் தேய்ந்திருந்தால், அது ஒருமுறை ஒட்டிக்கொண்டு பம்ப் ஓடலாம். வீடு வந்து சேரத்தான் அது உதவும், ஆனால் நோய் என்ன என்று தெரிந்துவிடும்.

ரீங்காரம் கேட்டும் பிடிக்கவில்லை என்றால் பிரஷர் கேஜ் வேண்டும். இவ்வகை இஞ்சின்களில் பொதுவாக 3 முதல் 4 பார் வரை இருக்கும். உன் காருக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் கிடைக்கும். சாவியை நாலைந்து முறை ஆன், ஆஃப் செய்த பிறகு அடித்தால் உடனே பிடிக்கிறதா? அப்படியானால் நிறுத்தியபின் பிரஷர் இறங்குகிறது. பம்புக்குள் இருக்கும் வால்வோ, இஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகுவதோ காரணமாக இருக்கலாம். ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோலும் இல்லை என்றால் பம்பை விட்டுவிட்டு கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படு. மீட்டர் முள்ளை நம்பாமல் இரண்டு லிட்டர் ஊற்றியும் பார். சிரிக்காதே, முள் மாட்டிக்கொண்டு பொய் சொல்வது நடக்கிற கதைதான்.

கார்புரேட்டர் காலத்தில் இஞ்சின் ஓரத்தில் இருந்த பம்பின் குட்டி நெம்புகோலைக் கையால் ஆட்டியே பெட்ரோல் ஏற்றிவிடுவோமே, நினைவிருக்கிறதா? அந்தத் தைரியத்தில் இதில் குழாயைக் கழற்றிவிடாதே. பிரஷரோடு பீய்ச்சும். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுச் சில வினாடி செல்ஃப் அடித்து அழுத்தத்தை இறக்கு, பேட்டரி வயரைக் கழற்று, துணி சுற்றி மெல்லத் திற. திறந்த வெளியில், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும்.

பம்ப்தான் போய்விட்டது என்று முடிவானால், டேங்கில் கசடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல். ஃபில்டரையும் சேர்த்து மாற்று. அப்புறம், ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டும் உன் பழைய பழக்கத்தையும் விடு. டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

கப்ளரில் எத்தனை வோல்ட் வந்தது என்று எழுது. அதுவரை பம்புக்கு ஆர்டர் கொடுக்காதே.

அன்புடன்,
மூர்த்தி