பதறியடித்துக்கொண்டு ஓடுவது யார்?

மதுரைப் பதிப்புகளின் செய்தி ஆசிரியர்களுக்கும் உதவி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். தங்கம் விலை கொஞ்சம் இறங்கினால் மக்கள் நகைக்கடைக்குப் 'பதறியடித்து' ஓடுவதாக எழுதுகிறீர்கள். சாக்கடை அடைப்பைப் பார்வையிட அதிகாரி வந்தால், அதுவும் 'பதறியடித்து' ஆய்வாகிவிடுகிறது. விலை இறங்கியதற்கு யாராவது பதறுவார்களா? அதிகாரி பதறியதை நம் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஓட்டத்தைச் சொல்ல நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல இடம் பிடிக்க விடியலிலேயே சனம் விழுந்தடித்துக்கொண்டு ஓடும். அதில் அவசரம் உண்டு, துயரம் துளியும் இல்லை. கயிற்றுக்கு அடங்காத காளை கூட்டத்துக்குள் திரும்பினால் அதே சனம் அலறியடித்துக்கொண்டு ஓடும். மாடு முட்டிவிட்டது என்று வீட்டில் செய்தி கேட்ட தாய் ஒருத்தி வருகிறாளே, அவள்தான் பதறியடித்துக்கொண்டு வருகிறாள். அலறியடிப்பவர் ஆபத்தை விட்டு ஓடுகிறார். பதறியடிப்பவர் ஆபத்து இருக்கும் இடத்தைத் தேடி ஓடுகிறார். என் காதுக்கு இந்தத் திசைதான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

அந்தத் தாயைப் பனகல் சாலையில், அரசு இராசாசி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் எந்த நாளும் பார்க்கலாம். ஒரு காலில் தன் செருப்பு, மறுகாலில் மகனுடையது. விரலிடுக்கில் காய்ந்த இட்லி மாவு. பணம் எடுத்துவர மறந்திருப்பாள். காப்பீட்டு அட்டையை மட்டும் பிளாஸ்டிக் உறையோடு இறுகப் பற்றியிருப்பாள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் காவலாளியிடம் மகன் பெயரைச் சொல்லுவாள், அவருக்கு எல்லாம் தெரியும் என்பதுபோல.

இலக்கணத்தையும் கொஞ்சம் பாருங்கள். விரைவுக்குக் கதழ்வு, துனைவு என்றும், சுழற்சிக்கு அலமரல், தெருமரல் என்றும் தொல்காப்பியத்தில் சொற்பொருள் கூறும் உரியியல் தனித்தனியே சொல்கிறது. விரைவையும் தவிப்பையும் ஒரே மூச்சில் சொல்ல நமக்கு வாய்த்தது 'பதறியடித்துக்கொண்டு' என்ற இந்த வினையடை. அதன் உயிர் 'கொண்டு' என்பதில் இருக்கிறது. வயிற்றில் அடித்துக்கொள்வதும் மார்பில் அடித்துக்கொள்வதும் தன்னைத்தானே செய்துகொள்வது அல்லவா? தலைப்பில் இடம் போதவில்லை என்று 'கொண்டு'வை வெட்டி 'பதறியடித்து ஓட்டம்' என்று போட்டால், யாரை அடித்துவிட்டு ஓடினார் என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொன்று. இந்தச் சொல்லை ஏவலாக எவரும் சொல்வதில்லை. சீக்கிரம் வா என்போம், ஓடி வா என்போம். 'பதறியடித்துக்கொண்டு வா' என்று ஒருவரும் அழைத்ததில்லை. விபத்துச் செய்தியைத் தொலைபேசியில் சொல்லும் சித்தப்பாகூட, "ஒன்றுமில்லை, பதறாமல் கிளம்பி வாருங்கள் மதினி" என்றுதான் சொல்லுவார். கேட்பவருக்கு அந்த 'ஒன்றுமில்லை'யே போதும், அடுப்பை அணைத்தோமா என்ற நினைவுகூட வராது. பதற்றம் தானாக வருவது. அதை ஏவவும் முடியாது, நடிக்கவும் முடியாது. ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு இந்த அடைமொழி பொருந்தாததும் இதனால்தான்.

'பதறாத காரியம் சிதறாது' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு. இரவு பதினொரு மணிக்குப் பக்கத்தை முடிக்கும் அவசரம் உங்களுக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மாற்றுச் சொற்கள் உங்கள் மேசையிலேயே கிடக்கின்றன. போலீசாருக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் 'விரைந்தனர்' போதும். நீங்களே ஐம்பது ஆண்டாக எழுதிவருவதுதான். தள்ளுபடிக் கூட்டத்துக்கு 'முண்டியடித்து' இருக்கிறது. வேட்பாளர் கட்சி மாறினால் 'அவசர அவசரமாக' என்று போடுங்கள், கொஞ்சம் கிண்டலும் சேரும்.

'பதறியடித்துக்கொண்டு' வரும் வரியில் ஓடுகிறவருக்கு அங்கே யார் இருக்கிறார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மகன், கணவன், அக்காள் என்று பதில் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், 'கொண்டு'வையும் சேர்த்து. இல்லையென்றால் அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தேநீர்க்கடையில் உங்கள் எல்லாப் பதிப்புகளையும் ஓசியில் படிக்கும் வாசகன்,
மதுரை