பேத்திக்கு அந்தப் பாக்கெட் வேண்டாம்

அன்புள்ள சரோ,

பாட்டியாகிவிட்டாய்! ஆனால் 29 வாரத்திலேயே பிறந்துவிட்டது, 1100 கிராம்தான் என்று படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 26 வருஷம் பச்சிளங்குழந்தை வார்டில் வேலை பார்த்தவளுக்கு அந்த எடை கையிலேயே தெரியும்.

சரி, மெடிக்கல் ஷாப்பில் விற்கும் புரோபயாடிக் பாக்கெட்டை, அதாவது குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாவை, குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். மாப்பிள்ளை காட்டிய ஒடிசா செய்தி பொய்யில்லை. 2017-இல் வந்த ஆராய்ச்சி அது. கிராமத்துக் குழந்தைகள் 4500-க்கும் மேல். பாதிப் பேருக்கு ஏழு நாள் நல்ல பாக்டீரியாவை வாய்வழியாகக் கொடுத்தார்கள். கொடுக்காதவர்களில் 9 சதவீதம் பேருக்குக் கிருமித் தொற்றோ சாவோ நேர்ந்தது, கொடுத்தவர்களில் 5.4 சதவீதம்தான். ஆனால் அங்கே சேர்த்தது குறைந்தது 35 வாரம், 2 கிலோ உள்ள குழந்தைகளை. நம் குட்டி எடையில் கிட்டத்தட்ட அதில் பாதி.

இவ்வளவு சின்னக் குழந்தையிடம் நாங்கள் பயப்படுவது என்இசி என்ற குடல் நோய்க்கு. காலையில் பால் இறங்கியிருக்கும், மாலையில் வயிறு உப்பிப் பளபளக்கும், டியூபில் இழுத்தால் பச்சையாக வரும். புரோபயாடிக் அதைக் குறைக்கலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆய்வில் அது 4.4 சதவீதத்திலிருந்து 2 ஆனது. இங்கிலாந்தில் வேறொரு பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. அதில் ஒரு கூத்து: மருந்து கொடுக்காத குழந்தைகளிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேரின் மலத்தில் அதே பாக்டீரியா! எங்களைப் போன்றவர்களின் கைவழியாகத்தான் போயிருக்கும், வேறெப்படி?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2023-இல் அமெரிக்காவில், புரோபயாடிக் கொடுத்த ஒரு குறைமாதக் குழந்தைக்கு அந்த பாக்டீரியாவே ரத்தத்தில் ஏறி, குழந்தை இறந்துபோனது. அரசே டாக்டர்களை எச்சரித்தது. அதனால் மெடிக்கல் ஷாப் பாக்கெட்டை வார்டுப் பக்கமே கொண்டுபோகாதே. டாக்டரே கொடுக்கலாம் என்றால் அது வேறு. எந்த பாக்டீரியா, ஏன் அது என்று மாப்பிள்ளை கேட்கட்டும்.

மகளிடம் பால் பீய்ச்சச் சொல். ராத்திரியும் விடாமல், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. முதலில் சிரிஞ்சின் அடியில் மஞ்சளாக நாலு சொட்டுதான் சேரும். "இவ்வளவுதானா" என்று அழுவாள், நீ மட்டும் முகம் சுளித்துவிடாதே. அந்தச் சீம்பாலுக்கு ஈடாக ஒரு பாக்கெட்டும் கிடையாது. குழந்தையைத் தொடப் போகும்போது உன் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்புப் போடு. கல்யாண மோதிரம் கழலாது என்று கதை சொல்லாதே, எண்ணெய் போட்டால் கழலும்.

என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அப்புறம், முதல் வாரம் எடை கொஞ்சம் இறங்கும், பதறாதே. பத்தாம் நாள் எடையை மறக்காமல் எழுது.

உன்,
மல்லிகா