பிரின்ட்எஃப் எழுதினால் புட்ஸ் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்வி இணைப்பிதழில் வந்த சி மொழி அறிமுகக் கட்டுரையை என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். எளிமையான நடை, நல்ல முயற்சி. ஆனால் நாம் எழுதியதை வரிக்கு வரி இயந்திர மொழிக்கு மாற்றித் தருவதுதான் கம்பைலரின் வேலை என்று அதில் சொல்லியிருப்பதை அப்படியே விட்டுவிட மனமில்லை. நாம் எழுதியதன் பொருளை அறிந்து அது சிலவற்றை மாற்றும், சிலவற்றை நீக்கியும் விடும்.

நான் பாலிடெக்னிக்கில் சி ஆய்வகம் நடத்துகிறவள். முதல் நாளில் எல்லோரும் எழுதும் நிரலையே எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் எழுத்தைக் காட்டும் பிரின்ட்எஃப் என்ற செயற்கூறு (ஃபங்ஷன்), அதற்குள் 'வணக்கம்', கடைசியில் புதுவரிக் குறி. ஜிசிசி என்ற கம்பைலரின் கட்டளையோடு மைனஸ் போட்டு பெரிய எஸ் சேர்த்து, இயந்திரக் கட்டளைகளை நாம் படிக்கும் வடிவில் தரும் அசெம்பிளியைத் திறந்து பாருங்கள். பிரின்ட்எஃப் என்ற பெயரே அங்கே இருக்காது, எழுத்துச் சரத்தை அப்படியே காட்டும் புட்ஸ் என்ற எளிய செயற்கூறு இருக்கும். வேகப்படுத்தும்படி நாம் கேட்கக்கூட இல்லை.

பிரின்ட்எஃப் தன்னிடம் வரும் சரத்தில், மதிப்பை நிரப்ப வேண்டிய இடத்தைக் காட்டும் சதவீதக் குறி இருக்கிறதா என்று ஓட்டத்தின்போது தேடிக்கொண்டே போகும். இங்கே அந்தக் குறி கிடையாது என்பது கம்பைலருக்கு முன்பே தெரியும், அதனால் புட்ஸே போதும் என்று மாற்றிவிடுகிறது. புட்ஸ் புதுவரியைத் தானே சேர்க்கும் என்பதால் சரத்தின் கடைசியில் இருந்த குறியையும் நீக்கிவிடுகிறது. பிரின்ட்எஃப் திருப்பித் தரும் எழுத்து எண்ணிக்கையை நாம் ஒரு மாறியில் வாங்கினால் மட்டும் கை வைக்காது. புட்ஸ் அந்த எண்ணிக்கையைத் தராது அல்லவா? நூலகச் செயற்கூறுகளின் பெயர்களுக்கு வேறு பொருள் கொடுக்கக் கூடாது என்று சி மொழியின் தரநிலையே ஒதுக்கி வைத்திருப்பதால்தான் கம்பைலருக்கு இவ்வளவு துணிச்சல். சரத்தின் நீளத்தைப் பைட் கணக்கில் சொல்லும் ஸ்டர்லென்னிடம் 'மதுரை' என்று நேரடியாகக் கொடுத்தாலும் இதே கதைதான்: அழைப்பே மறைந்து 15 என்ற எண் உட்கார்ந்திருக்கும். (ஐந்து யூனிகோடு குறிகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட்.)

இது தெரியாததால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். செய்முறைத் தேர்வுக்கு வந்த ஒரு வெளித் தேர்வாளர், ரெக்கார்டு நோட்டில் மாணவி ஒட்டியிருந்த அசெம்பிளியைப் பார்த்து, "நீ எழுதியது பிரின்ட்எஃப், இதில் புட்ஸ் எப்படி வந்தது? யாருடையதையோ பார்த்து ஒட்டியிருக்கிறாய்" என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். அந்தப் பெண் ஆர்வத்தால் பாடத்திட்டத்தைத் தாண்டிப் போனவள். கணினி பக்கத்திலேயே இருந்தது. ஒரு கட்டளை போட்டுப் பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை.

மதிப்பெண் போனால் போகட்டும். எனக்குக் கவலை, நினைவகத்தின் ஒரு பகுதியை ஒரே மதிப்பால் நிரப்பும் மெம்செட் செயற்கூறு. கடவுச்சொல்லை ஒரு 64 பைட் அணியில் (அரே) வாங்குகிறோம், சரிபார்க்கிறோம், செயற்கூறு முடியுமுன் மெம்செட் கொண்டு பூஜ்யங்களால் அழிக்கிறோம். பொறுப்பான நிரலர் செய்ய வேண்டியதும் அதுதான். கம்பைலரோ மெம்செட்டின் பொருளையும் அறியும். அந்த அணியை இதற்குப் பிறகு யாரும் படிக்கப் போவதில்லை, அதில் எழுதுவது வீண் என்று முடிவு கட்டி, நிரலை வேகப்படுத்தச் சொல்லும் ஓ2 கொடுத்துத் தொகுக்கும்போது அந்த அழைப்பையே தூக்கிவிடும். நிரல் சரியாக ஓடும், சோதனைகள் எல்லாம் தேறும், கடவுச்சொல் மட்டும் ஸ்டேக் என்ற தற்காலிக நினைவகப் பகுதியில் அப்படியே கிடக்கும். நிரல் முறிந்து அதன் நினைவகம் கோப்பாகப் பதிவானால், அந்தக் கோப்பைத் திறப்பவர் கண்ணில் அது படலாம். தரநிலைப்படி கம்பைலர் மீது தவறு சொல்ல முடியாது என்பதுதான் எரிச்சல்: நிரலின் வெளிப்படையான செயல்பாடு மாறவில்லையே!

இதற்காகவே ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தார் கம்பைலர் நீக்காதபடி அழிக்கும் 'எக்ஸ்ப்ளிசிட் பிஸீரோ' என்ற செயற்கூறைக் கொண்டுவந்தார்கள். லினக்ஸில் நாம் பயன்படுத்தும் ஜிலிப்சி நூலகம் அதை 2017-இல் சேர்த்துக்கொண்டது. விண்டோஸில் 'செக்யூர் ஸீரோ மெமரி' இருக்கிறது. சி மொழியின் சி23 தரநிலை 'மெம்செட் எக்ஸ்ப்ளிசிட்' என்றே ஒன்றை வைத்துவிட்டது. நம் ஆய்வகக் கையேடுகளில் இவற்றில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

மெம்செட்டை நானே கண்ணி (லூப்) போட்டு எழுதிக்கொள்கிறேன் என்று கிளம்பும் கெட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு பைட்டாகப் பூஜ்யம் வைக்கும் கண்ணியைக் கண்டால் ஜிசிசி அதையே மெம்செட் அழைப்பாக மாற்றும் வழக்கம் உண்டு. உங்கள் செயற்கூறின் பெயரும் மெம்செட் என்றால், அது தன்னைத்தானே அழைத்துக்கொண்டு முடிவில்லாமல் சுற்றவும் கூடும். சொந்தமாகச் சிறு இயங்குதளம் எழுதிப் பார்ப்பவர்கள் பலர் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

என் பழைய மாணவர்கள் சிலர் இன்று கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மென்பொருள் எழுதுகிறார்கள். இதைப் படித்தால், உங்கள் நிரலில் கடவுச்சொல்லை அழிக்கும் இடத்தைத் தேடி எடுங்கள். ஓ2-வோடு பெரிய எஸ்ஸும் கொடுத்து, அந்த அழைப்போ, பூஜ்யம் எழுதும் கட்டளைகளோ அசெம்பிளியில் மிஞ்சியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
சி ஆய்வக விரிவுரையாளர் ஒருவர், தென்காசி