புகார் வரவில்லை என்றால் குறையே இல்லை என்றா அர்த்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிமக்களின் உரிமைகளைக் காப்பதில் நம் அரசு அமைப்புகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பாராட்டும் கண்டனமுமாகச் சென்ற இதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். நீதிமன்றங்களுக்கு நிறையப் பாராட்டு, காவல் துறைக்குக் கொஞ்சம் பாராட்டும் கொஞ்சம் கண்டனமும், மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு குட்டு. அதெல்லாம் சரி. நடுவில் ஒரு வரி இருந்தது: ‘நீலகிரி போன்ற மலை மாவட்டங்களிலிருந்து புகார்கள் அரிதாகவே வருகின்றன; அங்குள்ள நிர்வாகத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.’ அந்த வரிக்குப் பிறகு மீதிக் கட்டுரையை என்னால் நிதானமாகப் படிக்க முடியவில்லை.

நான் பந்தலூர் தாலுகாவில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இங்கிருந்து ஏன் புகார் வருவதில்லை என்று கட்டுரையாளர் கூடலூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி நாலு பேரிடம் கேட்டிருக்கலாம். மாநில மனித உரிமை ஆணையம் சென்னையில் இருக்கிறது. சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது என்று 1993-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தபாலில் அனுப்பலாமே என்பார்கள். யார் எழுதிக் கொடுப்பது? ஊட்டிக்குப் போய் வருவதற்கே எங்களுக்கு ஒரு நாள் போய்விடும். தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண் ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, யார்மீது புகார் கொடுக்கிறோமோ அவர் மறுநாள் காலை அதே ஒற்றையடிப் பாதையில் எதிரே வருவார்.

சில வருடங்களுக்கு முன்பு இங்கே ஒரு தோட்டத்தில் திருட்டு நடந்தது. லைன் என்று நாங்கள் சொல்லும் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், எங்கள் பக்கத்து லைனில் இருந்த ஒரு பெண்ணைச் சாட்சி விசாரணைக்கு என்று ஒரு காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். இருட்டிய பிறகும் அவள் திரும்பவில்லை. “டீச்சர், அம்மாவ இன்னும் விடல” என்று அவள் மகள் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். நான் போனபோது அவளைச் சுவரோரம் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். சாட்சியாக விசாரிக்க வேண்டியவர் பெண் என்றால் அவர் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும், நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 160-ஆம் பிரிவு அதைத்தான் சொன்னது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “நீங்க என்ன வக்கீலாம்மா?” என்று கேட்டார் அங்கிருந்த அதிகாரி.

கைதாகிறவர்களைக் காவலில் எப்படி நடத்த வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த 11 கட்டளைகளும் அந்தச் சுவரில்தான் மாட்டியிருந்தன. கைது செய்பவர் பெயர் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வாங்க வேண்டும், வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அங்கே பலகைக்கு முன்னால் ஒரு பீரோவை நகர்த்தி வைத்திருந்தார்கள். மேலே இரண்டு வரிதான் தெரிந்தது. அவளை அனுப்பிவிட்டார்கள். புகார் எழுதட்டுமா என்று வழியில் கேட்டேன். “வேண்டாம் டீச்சர், நாளைக்கும் இந்த ஊர்லதானே இருக்கணும்” என்றாள். கட்டுரையாளர் பாராட்டிய அந்தக் குறைந்த எண்ணிக்கைக்குள் இவளும் இருக்கிறாள்.

வனத்துறை என்ற பெயரே கட்டுரையில் எங்கும் வரவில்லை. காட்டோரத்தில் வாழ்கிறவர்களுக்கு அரசு என்றால் முதலில் வனத்துறைதான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சோதனை போடவும் கைது செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. தேன் எடுப்பது பழங்குடிகளின் உரிமை என்று 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. என்னிடம் படித்த ஒரு காட்டுநாயக்கர் பழங்குடிப் பையனின் அப்பாவை, தேன் கொண்டு போனதற்காக ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தி, எழுதாத தாளில் கைநாட்டு வாங்கினார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் அந்தப் பக்கம் தனியாகப் போவதில்லை. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வனக் குற்றவாளி என்று தனியாகவே ஒரு வகை உண்டு. விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். இதைத் தெரிந்த ஒருவன் சாவடியில் நின்று சட்டம் பேசுவானா?

நீதிமன்றங்களைப் பாராட்டியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதையும் முழுக்கச் சொல்லியிருக்கலாம். நெருக்கடி நிலையில், 1976 ஏப்ரலில், அடைத்து வைத்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவுக்கே இடமில்லை என்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் சொன்னார்கள். மறுத்து எழுதிய எச்.ஆர். கன்னாவுக்குத் தலைமை நீதிபதி பதவி கிடைக்கவில்லை. அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2017 ஆனது. எங்கள் பக்கத்துக்கு வந்தால், வன உரிமைச் சட்டப்படி பட்டா கொடுப்பது 2008-ல் உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் நின்றது. 2016-ல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை எடுத்தது. காத்திருந்தே போய்ச் சேர்ந்த பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2019 பிப்ரவரி 13-ல் வன உரிமை கேட்டுக் கொடுத்த மனு நிராகரிக்கப்பட்டவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றச் சொன்னதும், அதே மாதம் 28-ல் அந்த உத்தரவை நிறுத்தி வைத்ததும் ஒரே நீதிமன்றம்தான். வாச்சாத்தி தீர்ப்பைக் கட்டுரையாளர் புகழ்ந்திருந்தார், நானும் புகழ்கிறேன். தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தி மலைக்கிராமத்தில் வனத்துறையினரும் காவல் துறையினரும் வருவாய்த் துறையினரும் புகுந்து பழங்குடிப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த, 1992-ல் நடந்த கொடுமைக்கு 2011-ல் தண்டனை, 2023-ல் உயர் நீதிமன்றத்தில் உறுதி. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்பு வருவதற்குள் செத்துப் போனார்கள். அதையும் சேர்த்து எழுதினால்தானே அந்தப் பெண்கள் எவ்வளவு காலம் நின்றார்கள் என்று படிப்பவருக்குப் புரியும்?

எழுத உட்கார்ந்தால் பழசெல்லாம் வந்துவிடுகிறது. இலங்கைத் தோட்டத் தமிழர்களைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு என்று பிரித்த 5,25,000 பேரில் எங்கள் குடும்பமும் ஒன்று. 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு எங்கள் லைனில் நடு இரவில் கதவைத் தட்டி, பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் காட்டச் சொன்னார்கள். அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். இரண்டு அரசுகள் கையெழுத்துப் போட்டு வரவழைத்த மனிதர் அவர். யாரிடம் புகார் சொல்வது? மாநில மனித உரிமை ஆணையமே 1997-ல்தான் வந்தது.

பாராட்ட வேண்டியதை நானும் பாராட்டுவேன். எங்கள் பள்ளியில் ஒருமுறை இலவச சட்ட உதவி முகாம் நடந்தது. வந்திருந்த இளம் பெண் வக்கீல், பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று பணியர் பழங்குடிப் பெண்களிடம் பொறுமையாகச் சொன்னார். அன்று மாலை வரை அந்த மேஜைக்கு முன்னால் வரிசை குறையவில்லை. கூலி பாக்கி, அடி, கைநாட்டு வாங்கிய தாள், எல்லாம் அன்றுதான் வெளியே வந்தன. அதுவரை அந்த ஊரும் புகார் இல்லாத ஊராகத்தான் கணக்கில் இருந்திருக்கும். அந்த வக்கீலைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் நான் மனதாரப் பாராட்டியிருப்பேன்.

அந்த வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள். அப்புறம், டி.கே. பாசு கட்டளைகள் 11-ஐயும், பெண் சாட்சிகளை எங்கே விசாரிக்க வேண்டும் என்பதையும், சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணையும் பெரிய எழுத்தில் அரைப் பக்கத்துக்குப் போடுங்கள். சேரம்பாடியிலும் அய்யன்கொல்லியிலும் டீக்கடைகளில் ஒட்டி வைக்க நான் ஏற்பாடு செய்கிறேன். கூடுதலாக ஐம்பது பிரதி அனுப்பினால் பணம் கட்டி வாங்கிக்கொள்கிறேன்.

மேலே சொன்னவர்கள் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்